கண்ணீரும் கணக்கும்: ஹான்சி குரோனியேயின் பாவ அறிக்கையை முன்வைத்து

பொது வாழ்வில் உயர்ந்து நின்ற ஒருவர் தவறி விழுந்து, பின்னர் எல்லார் முன்னிலையிலும் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கும்போது, பார்ப்பவர் உள்ளத்தில் இரு குரல்கள் எழுகின்றன. 'மனம் வருந்திவிட்டாரே, இனி விட்டுவிடுங்கள்' என்பது ஒரு குரல். 'அகப்பட்டுக்கொண்டதால் அழுகிறார்; அகப்படாதிருந்தால் அழுதிருப்பாரா?' என்பது மற்றொரு குரல். முன்னது இரக்கத்தின் பெயரால் பேசுகிறது. பின்னது நீதியின் பெயரால் பேசுகிறது. ஆனால் அந்த மனிதர் உண்மையில் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை இரண்டு குரல்களுமே செவிமடுத்துக் கேட்பதில்லை.

ஒரு கவிதையையோ கதையையோ அதன் சொற்களைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது திறனாய்வின் முதல் பாடம். பொது அரங்கில் செய்யப்படும் பாவ அறிக்கையையும் அவ்வாறே வாசித்துப் பார்க்கலாம். உள்ளத்தைத் துருவிப் பார்க்கும் உரிமை இறைவன் ஒருவருக்கே உண்டு. ஆயினும் சொற்கள் நம் முன்னே கிடக்கின்றன. அவற்றை வாசிக்க நமக்குத் தடையில்லை. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் தலைவராயிருந்த ஹான்சி குரோனியே 2000ஆம் ஆண்டில் செய்த அறிக்கையை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்த அறிக்கை கிறிஸ்தவ மொழியில் செய்யப்பட்டது. ஆகவே கிறிஸ்தவ அளவுகோலால் அளக்கப்படத் தகுந்தது.

வீழ்ச்சி

குரோனியே 1969இல் புளூம்ஃபோன்டெய்ன் நகரில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியால் உலக விளையாட்டரங்கிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா, 1991 நவம்பரில் கல்கத்தாவில்தான் மீண்டும் பன்னாட்டுக் கிரிக்கெட்டுக்குள் நுழைந்தது. அந்நாடு புதுப் பிறவி எடுத்த ஆண்டுகளில் அதன் அணிக்கு முகமாக விளங்கியவர் குரோனியே. 53 டெஸ்ட் ஆட்டங்களில் தலைமை தாங்கி 27இல் வெற்றி கண்டார். 'இயேசு இவ்விடத்தில் இருந்தால் என்ன செய்வார்?' என்று நினைவூட்டும் கைப்பட்டையை அணிந்தவர். தம் விசுவாசத்தை மறைக்காதவர். நேர்மை என்றால் குரோனியே என்று அந்நாட்டார் நம்பினர்.

2000 ஏப்ரல் 7ஆம் நாள், அவருக்கும் சூதாட்டத் தரகர் ஒருவருக்கும் நடந்த தொலைபேசி உரையாடல்கள் தங்களிடம் இருப்பதாக டில்லிக் காவல்துறை அறிவித்தது. குரோனியே மறுத்தார். இரு நாள் கழித்துச் செய்தியாளர் கூட்டத்திலும் உறுதியாக மறுத்தார். நாடே அவரை நம்பிற்று. இந்தியக் காவல்துறையையே பலரும் ஐயுற்றனர். ஆனால் ஏப்ரல் 11ஆம் நாள் விடியுமுன், டர்பன் நகரத்து விடுதியொன்றில், பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் கைப்பட எழுதிய கடிதமொன்றைக் கொடுத்தார். தாம் முழு நேர்மையோடு நடக்கவில்லை என்று கிரிக்கெட் வாரியத் தலைமை அதிகாரி அலி பாக்கரைத் தொலைபேசியில் எழுப்பிச் சொன்னார்.

ஜூன் மாதம் நீதிபதி எட்வின் கிங் தலைமையில் கேப் டவுனில் விசாரணை ஆணையம் கூடியது. அங்கே குரோனியே விரிவான வாக்குமூலம் அளித்தார், மூன்று நாள் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார், அழுதார். அவ்வாண்டு அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. 2002 ஜூன் 1ஆம் நாள், ஜார்ஜ் நகருக்கருகே மலையில் மோதிய சிறு சரக்கு விமானத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32.

தவணை முறையில் வந்த உண்மை

முதலில் அவர் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் 11 விடியற்காலையில் அவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஒலிப்பதிவு எதுவும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படவில்லை. தம் நாடு, தம் வாரியம், தம் அணி யாவும் அவர் பின்னால் நின்றன. மறுத்துக்கொண்டே காலத்தைக் கடத்தியிருக்கலாம். அவ்வாறு கடத்தி வென்றவர்கள் உலகில் பலர். உறக்கமற்ற ஓர் இரவில் மனச்சாட்சி அவரைக் குத்தியது என்பதை மறுக்க எந்த ஆதாரமும் இல்லை. அகப்பட்டதால் மட்டுமே அழுதார் என்று சொல்வோர் இந்த இரவைக் கணக்கில் கொள்வதில்லை.

ஆனால் அந்த இரவில் வெளிவந்தது உண்மையின் ஒரு துண்டே. ஏதோ 10,000 அல்லது 15,000 டாலர், அதுவும் ஆட்டம் பற்றிய தகவலுக்காக என்பதே அவருடைய முதல் அறிக்கை. ஜூன் மாதத்தில் அத்தொகை வளர்ந்தது. 1996 முதல் பல தரகர்களிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்றதாக ஆணையத்தின் முன் தெரியவந்தது. 1996 இறுதியில் மும்பையில் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் பெருந்தொகை தருவதாக வந்த பேச்சை அவரே அணியின் கூட்டத்தில் எடுத்து வைத்ததும், அணி அதை மறுத்ததும் வெளியாயின. பிறர் சாட்சி சொல்லச் சொல்ல, ஆவணம் வெளிப்பட வெளிப்பட, அவருடைய அறிக்கையும் நீண்டுகொண்டே போனது. தரகரிடம் ஆட்டக்காரர்களோடு பேசிவிட்டதாகச் சொன்னது பொய், அவரை ஏமாற்றிப் பணம் பெறவே அவ்வாறு சொன்னேன் என்றும் விளக்கம் தந்தார். பொய் சொன்னதையே தம் நேர்மைக்குச் சாட்சியாகக் காட்ட வேண்டிய இக்கட்டு அவருக்கு நேர்ந்தது. எந்த ஆட்டத்தின் முடிவையும் தாம் விற்கவில்லை என்பதில் மட்டும் அவர் இறுதிவரை உறுதியாக நின்றார்.

நம் சிறு வயது ஞானோபதேசம் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கற்பித்தது: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை, பாவங்களை வெளியிடுதல், அபராதம் தீர்த்தல். அறிந்தே ஒரு பாவத்தை மறைத்தால் அறிக்கை முழுவதும் பழுதாகும் என்றும் கற்றோம். ஏன் இந்தக் கண்டிப்பு? கணக்கைக் கேட்டு வாங்குவது கடவுளுக்கு இன்பம் என்பதாலன்று. எவ்வளவைச் சொல்வது, எவ்வளவை மறைப்பது என்று ஒருவர் அளந்து பார்த்துக்கொண்டிருக்கும் வரை, அவர் இன்னும் தம் பாவத்தின் பக்கமே நின்று அதைக் காத்து வருகிறார். குரோனியேயின் அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது தெரிவது இதுதான்: அவருடைய வருத்தம் உண்மையாய் இருந்தது, ஆனால் அவருடைய அறிக்கை எப்போதும் வருத்தத்திற்கு ஓரடி பின்னால் நடந்தது.

ஒரு கணமா, மூன்று ஆண்டுகளா?

அவர் சொன்னவற்றுள் எல்லார் நினைவிலும் நின்றது சாத்தானைப் பற்றிய வாக்கியமே. மடமையும் பலவீனமும் சேர்ந்த ஒரு கணத்தில், ஆண்டவருக்குப் பதிலாகச் சாத்தானும் உலகமும் தம்மை ஆட்டிவைக்க இடங்கொடுத்துவிட்டதாகவும், இயேசுவிடமிருந்து கண்ணை எடுத்த கணமே தம் உலகம் இருண்டதாகவும் அவர் கூறினார். பத்திரிகைகள் பல இதைப் பரிகசித்தன. ஏதேனில் ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். குரோனியேயும் அப்படியே சாத்தானைக் கைகாட்டிவிட்டார் என்றன.

சொற்களைக் கவனித்தால் இந்தப் பரிகாசம் முற்றிலும் நியாயமன்று. சாத்தான் என்னை இழுத்தான் என்று அவர் சொல்லவில்லை. நான் இடங்கொடுத்தேன் என்றுதான் சொன்னார். எழுவாய் அவரே. பணத்தின் மீது தமக்கிருந்த கெட்ட ஆசையையும் அவர் மறைக்கவில்லை. இவை பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் சொற்களல்ல.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. 'ஒரு கணத்தில்' என்ற அந்தச் சிறு சொல்லே பொய். 1996இல் கான்பூரில் பெற்ற பணம் முதல் 2000 மார்ச்சில் நாகபுரியில் நடந்தது வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல். அவ்வளவு காலமும் அவர் கோவிலுக்குச் சென்றார், செபித்தார், கைப்பட்டையை அணிந்திருந்தார். கண்ணை எடுத்த கணமே உலகம் இருண்டது என்பதும் நடந்ததன்று. உலகம் இருளாமல் நன்றாகவே வெளிச்சமாயிருந்தது. விருதும் புகழும் வந்துகொண்டிருந்தன. பாவத்தின் உண்மையான அச்சம் இதுவே: அது நம் பக்தியோடு பல ஆண்டுகள் ஒரே வீட்டில் சண்டையின்றிக் குடியிருக்கக் கூடும். இதை அவர் சொல்லியிருந்தால் அவருடைய அறிக்கை கிறிஸ்தவ உலகுக்குப் பெரியதோர் ஆன்ம சோதனையாக அமைந்திருக்கும். அவரோ பழக்கத்தைக் கணமாகச் சுருக்கிவிட்டார். நாமும் இதையே செய்பவர்கள்தாம். 'கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்' என்று குருவிடம் நாம் சுருக்கிச் சொல்லும் அந்த ஒரு வார்த்தை, வீட்டாருக்குப் பத்து ஆண்டுக் கொடுமையாக இருந்திருக்கக் கூடும்.

ஒரே ஆட்டுக்குட்டி

சாமுவேல் நூல்களில் இரு அரசர்களின் பாவ அறிக்கைகள் உள்ளன. சவுலும் 'பாவம் செய்தேன்' என்கிறார்; தாவீதும் அதையே சொல்கிறார். சவுலோ மக்களுக்கு அஞ்சிச் செய்ததாகக் காரணம் கூறி, மூப்பர்கள் முன் தம் மதிப்பைக் காக்கும்படி சாமுவேலைக் கெஞ்சுகிறார். தாவீது காரணம் சொல்லவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? தாவீதிடம் நாத்தான் முதலில் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. பாதிக்கப்பட்டவரைப் பற்றிப் பேசினார். ஒரே ஆட்டுக்குட்டியை மடியில் வைத்து வளர்த்த ஏழையை அரசரின் கண்முன் நிறுத்தினார். அந்த ஏழைக்காகச் சினந்தெழுந்த பிறகே தாவீது தம்மைக் கண்டார். தான் காயப்படுத்தியவரின் முகத்தைக் காணும்போதுதான் மனத்துயர் கண்ணைத் திறக்கிறது.

குரோனியேயின் கதையிலும் ஆட்டுக்குட்டி உண்டு. நாகபுரியில் 2000 மார்ச் 19 அன்று நடந்த ஒருநாள் ஆட்டத்திற்கு முன், ஹெர்ஷல் கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ் என்ற இருவரிடம் ஆளுக்கு 15,000 டாலர் தருவதாக அவர் பேசினார். கிப்ஸ் 20 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்க வேண்டும். வில்லியம்ஸ் தம் பந்துவீச்சில் 50 ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும். நடந்தது வேறு. கிப்ஸ் 74 ஓட்டங்கள் எடுத்தார். வில்லியம்ஸ் 11 பந்துகளே வீசிய நிலையில் தோளில் அடிபட்டு வெளியேறினார். ஆனால் உடன்பட்ட குற்றம் உடன்பட்டதே. இருவரும் அபராதமும் தடையும் பெற்றனர். கிப்ஸ் மீண்டு வந்து நீண்டகாலம் ஆடினார். வில்லியம்ஸ் தம் நாட்டுக்காக அதன்பின் ஆடவேயில்லை.

இவ்விருவரும் நிறவெறி ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கலப்பினச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அணியின் தலைவர் கேட்டால் மறுப்பது எவருக்கும் கடினம். நேற்றுவரை கதவு அடைக்கப்பட்டிருந்த சமூகத்திலிருந்து வந்தவர்க்கு இன்னும் கடினம். தலைவருக்கு எல்லாம் இருந்தது. அவர்களுக்கு இருந்தது அணியில் ஓரிடம் மட்டுமே. அவர் கைவைத்தது அந்த ஒரே ஆட்டுக்குட்டியின் மீதுதான்.

குரோனியே மன்னிப்புக் கேட்காமல் இல்லை. மனைவியிடமும் குடும்பத்தாரிடமும் சக ஆட்டக்காரர்களிடமும் குறிப்பாக மன்னிப்பை வேண்டினார். இவற்றைப் பிறர்மீது சுமத்திவிட்டேன் என்று அறிவதால் தமக்கு உண்டாகும் வெட்கத்தையும் அவமானத்தையும் வேதனையையும் விவரிக்கச் சொற்களில்லை என்றார். உருக்கமான வாக்கியம். ஆயினும் அதன் அமைப்பைப் பாருங்கள். பிறர் அதில் இருக்கிறார்கள். ஆனால் பேசுபவரின் வேதனைக்குக் காரணமாகவே இருக்கிறார்கள். வாக்கியத்தின் நடுவில் நிற்பது அவருடைய வலி. ஊரியாவுக்கு என்ன நேர்ந்தது என்று தாவீதுக்குச் சொல்ல ஒரு நாத்தான் இருந்தார். குரோனியேயைச் சுற்றி இருந்தோர் வழக்கறிஞர்கள். அவர்கள் காக்க வேண்டியவர் குரோனியே ஒருவரே.

ஆதாயம் கருதிய அறிக்கை

முழு உண்மையைச் சொன்னால் குற்ற வழக்கிலிருந்து விலக்கு அளிக்கப்படும் என்ற நிபந்தனையின் பேரிலேயே குரோனியே ஆணையத்தின் முன் வந்தார். ஆதாயம் கருதிச் செய்த அறிக்கையில் மனத்துயர் எப்படி இருக்கும் என்று கேட்போர் உண்டு. இந்த ஏற்பாடு அந்நாட்டுக்குப் புதிதன்று. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996 முதல் அமர்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும், அரசியல் நோக்கோடு குற்றம் செய்தவர் முழு உண்மையைச் சொன்னால் பொதுமன்னிப்பு உண்டு என்றது. மனம் வருந்த வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவேயில்லை. இது பலரைப் புண்படுத்தியது. ஆயினும் அதில் ஓர் அறிவு இருந்தது. சட்டத்தால் உள்ளத்தை அளக்க இயலாது. உண்மையை அளக்க இயலும். வருத்தத்தைக் கட்டாயமாக்கினால் நடிப்பே பெருகும்.

கத்தோலிக்கரான நாம் 'ஆதாயம்' என்ற சொல்லைக் கண்டு அவசரப்பட்டுத் தீர்ப்பிட முடியாது. ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகும் நாமும் மன்னிப்பு என்னும் ஆதாயத்தை நாடியே செல்கிறோம். 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் இதைத் தெளிவுபடுத்தியது. கடவுளை அன்பு செய்வதால் எழும் மனத்துயரே உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பைக் கண்டோ எழும் மனத்துயர் குறையுள்ளது. ஆனால் அதுவும் பொய்யன்று, வெளிவேடமன்று. அது கடவுளின் கொடை. அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெற மனிதரை அது ஆயத்தப்படுத்துகிறது. தண்டனையின் அச்சத்தைத் தாண்டிச் செல்லத்தான் நாம் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் கற்றுக்கொடுக்கிறது.

ஆகவே குரோனியேயின் வருத்தம் உண்மையா என்ற கேள்விக்கு இவ்வாறு பதில் சொல்லலாம்: உண்மைதான், ஆனால் முற்றாதது. பத்திரிகைகளுக்கு இந்த இடைநிலை தெரியாது. அவற்றிற்கு ஒருவர் புனிதர் அல்லது கபடர். திருச்சபைக்கு இந்த இடைநிலை நன்கு தெரியும். ஏனெனில் நம்முள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அங்கேதான் நிற்கிறோம்.

முற்றாத வருத்தமும் இல்லாமற்போவது எப்படியிருக்கும் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. ஏழு முறை பிரான்சு மிதிவண்டிப் பந்தயப் பட்டங்களைப் பெற்றுப் பின் அவற்றை இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டார். கேள்விகளுக்கு ஆம், ஆம் என்று தயங்காமல் விடையளித்தார். ஆனால் 2015இல் பி.பி.சி.க்கு அளித்த நேர்காணலில், மீண்டும் 1995ஆம் ஆண்டுச் சூழலில் நிறுத்தப்பட்டால் ஒருவேளை அதையே செய்வேன் என்றார். அறிக்கை இருந்தது, பிரதிக்கினை இல்லை. குரோனியேயிடம் அத்தகைய சொல் எதுவும் வரவில்லை.

பரிகாரமும் மறதியும்

கி.பி. 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்கக் காரணமான பேரரசர் தெயோதோசியுவை மிலான் ஆயர் புனித அம்புரோசியார் நற்கருணையிலிருந்து விலக்கினார். பேரரசர் பல மாதங்கள் தவம் செய்த பின்னரே மீண்டும் ஏற்கப்பட்டார். பழைய திருச்சபையில் பொதுப் பாவத்திற்குத் தவம் முன்னே, ஒப்புரவு பின்னே. நம் காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. கண்ணீரும் அறிக்கையும் ஒரு மாலைப்பொழுதில் முடிகின்றன; மறுநாளே மன்னித்தாயிற்றா இல்லையா என்ற வாக்கெடுப்பு தொடங்கிவிடுகிறது.

குரோனியே 2001இல் தம்மீது விதித்த தடையை எதிர்த்து நீதிமன்றம் சென்றார், தோற்றார். தண்டனை மிகை என்று முறையிடுவது பாவமன்று. ஆயினும் பாதிக்கப்பட்டவருக்காக வாதாடியிருக்க வேண்டிய காலத்தில் தமக்காக வாதாடினார் என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. கேட்பாரின்றியே சக்கேயு தம் சொத்தில் பாதி என்றும், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்றும் கணக்குச் சொன்னார். ஆண்டவர் அவரைப் பாராட்டியது அழுகைக்காக அல்ல. சக்கேயு அழுததாக நற்செய்தி சொல்லவுமில்லை. குரோனியே நீண்டகாலம் வாழ்ந்திருந்தால் அக்கணக்குக்கு வந்திருப்பாரா? மலையுச்சியில் நேர்ந்த அந்த மரணம் அவருடைய தவத்தை நடுவழியில் நிறுத்திவிட்டது. எஞ்சியதை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைப்பதே நம் விசுவாசம்.

நாட்டாரோ காத்திருக்கவில்லை. 2004இல் தென்னாப்பிரிக்காவின் தலைசிறந்தோர் நூறு பேரைத் தேர்ந்த தொலைக்காட்சி வாக்கெடுப்பில் அவருக்குப் பதினோராவது இடம் கிடைத்தது. 2008இல் அவருடைய சகோதரர் தயாரித்த திரைப்படம் அவர் கதையை வீழ்ச்சியும் மீட்புமாக முன்வைத்தது. ஒரு சகோதரரின் அன்பைக் குறை சொல்லலாகாது. ஆனால் மீட்பின் கதையாக அதைச் சொல்லும்போது ஹென்றி வில்லியம்ஸை எங்கே நிறுத்துவது? விழுந்தவர் எழுந்த கதை நம்மை உருக்குகிறது; அவர் விழுந்தபோது கீழே அகப்பட்டவரின் கதையை எவரும் படமெடுப்பதில்லை.

இது விளையாட்டரங்கோடு நின்றுவிடும் செய்தியன்று. நம் திருச்சபையே அண்மைக் காலத்தில் உலகின் முன் குற்றவாளியாய் நின்றது. குருக்கள் சிலரால் சிறார் பாழ்படுத்தப்பட்டதும், மேலோர் அதை மறைத்ததும் வெளிவந்தபோது, 'அகப்பட்டதால் அழுகிறார்கள்' என்ற அதே குரல் நம்மை நோக்கியும் எழுந்தது. 2018 ஆகஸ்ட் 20 அன்று இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய கடிதத்தில், சிறியோரைக் கைவிட்டோம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். எவ்வளவு மன்னிப்புக் கேட்டாலும் ஈடு செய்ய முயன்றாலும் போதாது என்றும் எழுதினார். அக்கடிதம் தொடங்குவது திருச்சபையின் வேதனையிலிருந்து அன்று, காயப்பட்டவர்களின் வேதனையிலிருந்து. அதைச் சொல்லில் நிறுத்தாமல் செயலில் காட்டுவது ஒவ்வொரு மறைமாவட்டத்தின், ஒவ்வொரு பங்கின் கடனாய் இருக்கிறது.

நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் குடும்பங்களிலும் ஒருவர் தவறி, பின் வருந்தி நிற்கும் நேரங்கள் வரும். அவரிடம் கண்ணீரை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். கண்ணீர் வந்தவுடன் எல்லாம் தீர்ந்தது என்று கைகழுவவும் வேண்டாம். அவருடைய வருத்தம் முற்றாததாய் இருந்தால் அதை இகழாமல் ஏற்று, முற்றும்வரை அவரோடு நடப்போம். அப்படி நடக்கும்போது, அவரால் இழந்தவர் யார், இழந்தது எவ்வளவு என்று அவரிடம் மெதுவாகக் கேட்போம். அந்த இழந்தவரையும் தேடிச் சென்று, அவர் வாயால் அவர் கதையைக் கேட்போம்.